எம்.ஆர்.ராதா: எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

கேள்வி – புதுரசிகன்:
'பாவ மன்னிப்பு' (1961) பார்த்தேன், ஆளவந்தாராக வரும் எம்.ஆர்.ராதாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த வேகத்தில் 'ரத்தக்கண்ணீர்' போட்டால் ஒரே சத்தமாகப் பட்டது, பாதியில் நிறுத்திவிட்டேன். தொடர்ந்து பார்க்கலாமா, வேறு படம் சொல்வீர்களா?

கொட்டகைக்காரன்:
பாதியில் நிறுத்தாதீர்கள், படமே இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. 1954இல் படமாக வருவதற்கு முன்பே திருவாரூர் தங்கராசு எழுதி ராதா ஊர் ஊராகப் போட்ட நாடகம் அது. சின்ன வயதிலேயே பாய்ஸ் கம்பெனியில் (சிறுவர்களை வைத்து நடத்தும் நாடகக் குழு) சேர்ந்து, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை அது. ஒரே வசனத்தைக் கீச்சுக் குரலில் ஆரம்பித்துக் கரகரவென்று அடித்தொண்டையில் முடிப்பார், கவனியுங்கள். சீமையிலிருந்து கோட்டு சூட்டோடு வந்து எல்லோரையும் எடுத்தெறிந்து பேசிய அதே மோகனசுந்தரம் (ராதாவின் வேடம்), தொழுநோய் வந்து தெருவில் நிற்கும்போதும் வாய்த்துடுக்கு குறையவே குறையாது. நம்மிடம் இரக்கம் கேட்கவே மாட்டார், ஆனாலும் வயிற்றைப் பிசையும். 'குற்றம் புரிந்தவன்' பாட்டில் சி.எஸ்.ஜெயராமன் உருகிப் பாடப் பாட இவர் நடுநடுவே பேசிக்கொண்டே போவார். தாளம் தெரிந்தவர்தான் அப்படி இடம் பார்த்து நுழைய முடியும்.

மலைக்கோட்டை:
சத்தம் பிடிக்கவில்லை என்றால் முதலில் 'பலே பாண்டியா' (1962) பாருங்கள். சிவாஜிக்கு மூன்று வேடம், இவருக்கு இரண்டு. 'நீயே உனக்கு என்றும் நிகரானவன்' பாட்டில் ஜதி சொல்கிற மாதிரி இவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே, சிவாஜி பக்கத்தில் இருக்கும்போதும் பார்வை இவர் மேல்தான் நிற்கும். அப்புறம் 'பாகப்பிரிவினை' (1959), 'பெரிய இடத்துப் பெண்' (1963).

பழைய டிக்கெட்:
சினிமாவை மட்டும் வைத்து இவரை அளக்க முடியாது. 1937லேயே 'ராஜசேகரன்' படத்தில் நடித்தவர், ஆனாலும் பெரியார் கொள்கையை மேடையில் சொல்வதுதான் தன் வேலை என்று அங்கேயே கிடந்தார். தடை, கல்லடி எதற்கும் நிறுத்தவில்லை. கருணாநிதிக்கு 'கலைஞர்' பட்டம் வந்ததும் இவர் போட்ட 'தூக்குமேடை' நாடகத்தில்தான். 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறைக்குப் போனார். அதைத்தான் இன்றும் முதலில் பேசுகிறார்கள், எனக்கு அது வருத்தம். வெளியே வந்ததும் மறுபடி மேடைக்குத்தான் போனார்.

புதுரசிகன்:
சரி, இன்றைக்கு ராத்திரி 'பலே பாண்டியா'. ஞாயிற்றுக்கிழமை 'ரத்தக்கண்ணீர்' முழுசாக.