மரத்தை வளைத்து வளர்த்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம். நான் பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறேன். ஆனேக்கல் பக்கம் உள்ள அரை ஏக்கரில் கொட்டகை ஒன்று போட வேண்டும். அதற்கான வளைவுச் சட்டங்களை அறுத்து எடுக்காமல், மரத்தையே வளைத்து வளர்த்து எடுக்க ஆசை. பதினைந்து வருடம் ஆகுமே என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ஆகட்டும்!

இது கிறுக்குத்தனமான யோசனை இல்லை. தூத்துக்குடித் தோணிகளின் வங்குக்கு, அதாவது உள்ளே விலா எலும்பு போல நிற்கும் வளைவுச் சட்டத்துக்கு, இயல்பாகவே வளைந்த கருவேல மரத்தைத்தான் மேஸ்திரிகள் தேடிப்பிடிப்பார்கள். நேரான கட்டையில் வளைவு அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு அங்கேதான் முதலில் பிளக்கும். வளைந்தே வளர்ந்த மரத்தில் நாரும் வளைவோடு ஓடுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆறு பூவரசங்கன்றுகள் நட்டு, நைலான் கயிற்றால் மூங்கிலோடு இழுத்துக் கட்டினேன். மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் கயிற்றையே காணவில்லை. பட்டை அதை விழுங்கி, மேலே விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. ஒன்று காற்றில் அந்த இடத்திலேயே முறிந்துவிட்டது. மற்ற ஐந்திலும் வளைவின் முதுகிலிருந்து விளக்குமாறு போலக் கிளைகள் நேராகக் கிளம்புகின்றன. நுனியோ சோர்ந்து நிற்கிறது. அந்தக் கிளைகளை ஒரேயடியாகக் கழிக்கலாமா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

கட்டுவதற்குச் சைக்கிள் டியூப் சரிப்படுமா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும்? சாய்ந்து வளரும் மரத்தின் மேல்பக்கம் இழுவிசையில் உருவாவதால், அறுத்துக் காயும்போது முறுக்கிக்கொள்ளுமே, அதற்கு என்ன செய்வீர்கள்? தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊருக்குப் பூவரசைவிட வாகை தோதுப்படுமா என்பதையும் சொல்லுங்கள். தோணி வேலை தெரிந்த பெரியவர்கள் யாராவது உறவில் இருந்தால் கேட்டுச் சொன்னாலும் போதும்.