10 மி.மீ. சிலிகா ஏரோஜெல் பாய்: நடுப்பகுதி மட்டும் இறுகிப்போகிறது

வணக்கம். கண்ணாடி இழைப் பாயில் சிலிகா ஏரோஜெல் (நுண்துளைகளில் காற்று நிறைந்த, மிக லேசான வெப்பக்காப்புப் பொருள்) செய்கிறோம். 5 மி.மீ. பாய் அருமையாக வருகிறது, 10 மி.மீ. போனால்தான் வம்பு. ஓரத்தில் ஜெல் சுருங்கி மறுபடி விரிகிறது, தண்ணீர்த்துளி உருண்டோடுகிறது. பிளேடால் குறுக்கே வெட்டினால் நடுவில் கண்ணாடிச் சில்லு மாதிரி கெட்டியான ஒரு அடுக்கு. அங்கே துளி வைத்ததும் உறிஞ்சிக்கொள்கிறது.

இடம் அம்பத்தூர். ஏசி அறையிலும் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. சூப்பர்கிரிட்டிகல் (உயர் அழுத்தத்தில் உலர்த்தும்) வசதி கிடையாது, சாதாரண அழுத்தத்தில்தான் உலர்த்துகிறோம்.

டிஇஓஎஸ் (டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட், சிலிகா தரும் மூலப்பொருள்), எத்தனால், தண்ணீர் 1:8:4 மோல். முதலில் ஆக்சாலிக் அமிலம், மறுநாள் அம்மோனியா, உடனே பாயில் ஊற்றல். எத்தனாலில் 50 டிகிரியில் ஒரு நாள், ஹெக்சேன் மாற்றல், ஹெக்சேனில் 10 சதவீத டிஎம்சிஎஸ் (ட்ரைமெத்தில்குளோரோசிலேன், ஜெல்லைத் தண்ணீர் ஒட்டாததாக்குவது) 24 மணி நேரம். கழுவிவிட்டு 60, 80, 120 டிகிரி என ஏற்றி உலர்த்தல்.

டிஎம்சிஎஸ்ஸை 15 சதவீதமாக்கினோம். உள்ளே மிஞ்சிய தண்ணீரோடு வினைபுரிந்து எச்சிஎல் (ஹைட்ரஜன் குளோரைடு) குமிழ் கிளம்பி ஜெல்லையே பிளந்தது. (ஆய்வகப் புகை உறிஞ்சும் பெட்டி, அதாவது ஃபியூம் ஹுட், இல்லாமல் யாரும் இதைத் தொடாதீர்கள்.) உலர்த்தலை மெதுவாக்கியும் பலனில்லை. ஹெக்சேனைக் கூடுதல் தடவை மாற்றியபோது மட்டும் அந்த அடுக்கு மெலிந்தது, போகவில்லை. ஆக, கரைப்பான் நடுவரை பரவாததுதான் சிக்கல் என்று படுகிறது.

டிஎம்சிஎஸ்ஸுக்குப் பதில் எச்எம்டிஇசட் (ஹெக்சாமெத்தில்டைசிலசேன்) போட்டால் எச்சிஎல் வராது, அம்மோனியாதான். 10 மி.மீ. பாயில் எச்எம்டிஇசட்டை நடுவரை இறக்கியவர்கள் எந்தக் கரைப்பானில், எத்தனை சதவீதத்தில், எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் ஊற வைத்தீர்கள்?