ஆங்கிலேயப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாம் இசைத்தட்டு: முதலில் கேட்ட அனுபவத்தைப் பகிருங்கள்

சாட்ஸ்வர்த்காரன்:
1986 ஆடி மாதம். இங்கே தென்னாப்பிரிக்காவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஒலிநாடாவின் உறையில் ‘திருப்புகழ்’ என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது உருகும் முகத்தை அட்டையில் கொண்ட அந்த ஆல்பம். போலீஸ் காவலில் இறந்த கறுப்பினப் போராளி ஸ்டீவ் பிக்கோவைப் பற்றிய கடைசிப் பாடலான ‘பிக்கோ’ இங்கே தடைசெய்யப்பட்டிருந்ததால் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமையலறையில் மெல்லிய ஒலியில் வைத்தேன். மாரியம்மனுக்குக் கூழ் கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் காதில் ஆங்கிலப் பாட்டு ஏறவே இல்லை. ஆனால் அதன் முடிவில், பிக்கோவின் இறுதிச் சடங்கில் மக்கள் பாடிய ‘சென்ஸெனி நா’ எழுந்ததும் அகப்பை நின்றது. தையல் ஆலையில் உடன் வேலை பார்த்த ஜூலுப் பெண்களிடம் கற்றிருக்க வேண்டும். ‘நாங்கள் என்ன செய்தோம்’ என்று கேட்கும் அந்த வரியை ஒலிநாடாவின் குரல்களோடு சேர்ந்து முணுமுணுத்தார். முரசு இரண்டு முறை அதிர்ந்து பாட்டு அறுந்தாற்போல் நின்றபோது கூழ் அடிப்பிடித்திருந்தது.

மரிட்ஸ்பர்க் வாசகி:
மேலே எழுதியவரின் நினைவை மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பாடலை அவரைப் போல் என்னால் ஏற்க முடியவில்லை. பிக்கோ மருத்துவம் படித்தது நம் டர்பனில்; அந்தக் கல்லூரியில் இந்திய மாணவர்களும் இருந்தார்கள். அவர் காலத்தில் அங்கே பயின்ற மருத்துவர் ஒருவர் எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர். ஒரு விருந்தில் இப்பாடல் ஒலித்தபோது, சின்தசைசரில் எழுப்பிய பேக்பைப் என்னும் துருத்திக் குழலின் ஓசை வந்ததும் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். ‘எங்களோடு சிரித்துச் சண்டை போட்டவன் இதில் பிணமாக மட்டுமே இருக்கிறான்’ என்றார். பாட்டில் அதிரும் முரசும் ஆப்பிரிக்க முரசு அல்ல, பிரேசில் நாட்டு சுர்டோதான். விமர்சகர்கள் புகழ்ந்தது பாடகரின் மனசாட்சியையே தவிர பிக்கோவின் சிந்தனையை அன்று என்றே எனக்குப் படுகிறது.

ஃபீனிக்ஸ் பெரியவர்:
நண்பர் வீட்டில் முதல் பாடலைக் கேட்டு, பிளேயர் பழுது என்றெண்ணி ஊசியைத் தூக்கினேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் மரிட்ஸ்பர்க் அம்மா, ஒரு பாடலை மட்டும் வைத்து வழக்காடக் கூடாது. தொடக்கத்திலிருந்து வரிசையாகக் கேளுங்கள், ஹெட்போனில் கேளுங்கள். டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸ், ஜெர்ரி மரோட்டா இருவரையும் சிம்பல் என்னும் உலோகத் தட்டைத் தொடவே விடவில்லை. அதனால்தான் முரசின் முழக்கம் பெரிதாக எழுந்து, கத்தரித்தாற்போல் அடங்குகிறது. இப்படிப்பட்ட ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அட்லாண்டிக் நிறுவனம் மறுத்து, மெர்குரி வெளியிட நேர்ந்தது. பிரிட்டனிலோ அது 1980இல் முதலிடம் பிடித்தது. பாடகி கேட் புஷ் குரல் கொடுத்த இடங்களையும் தவறவிடாதீர்கள். ஜெர்மன் மொழிப் பதிப்பும் உண்டு, அதையும் தேடிப் பாருங்கள். சாட்ஸ்வர்த் தம்பி, நம் ஊர் ஈரக்காற்றில் ஒலிநாடா பூஞ்சை பிடிக்கும். முன்னும் பின்னும் ஒருமுறை ஓட்டிவிட்டு, உடனே கணினியில் ஏற்றிவிடுங்கள்.

சாட்ஸ்வர்த்காரன்:
ஏற்றிவிட்டேன், ஐயா. அக்கா, உங்கள் மருத்துவர் சொன்னதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. சுர்டோ, பேக்பைப் எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. அவர் கேட்டது கடைசியில் வந்த குரல்களை மட்டுமே. அந்தப் பாட்டை அவர் முன்பு யாருடைய சாவில் பாடினார் என்று நான் கேட்டிருக்கலாம். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.