மறு: ‘ராக்கெட்டியரிங்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போகவேண்டும். 1920களில் அமெரிக்க நகரங்களில் குற்றக் கும்பல்கள் தலையெடுத்ததைச் சொல்லும் கல்லூரிப் பாடம். கும்பலாகச் சேர்ந்து மிரட்டிப் பணம் பார்ப்பதையே தொழிலாக நடத்துவதைக் குறிக்கும் ‘ராக்கெட்டியரிங்’ (racketeering) என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே விட முடியவில்லை. சிகாகோ கும்பல் தலைவர் அல் கபோனைப் பற்றிய பகுதியை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு மாணவி, “அல் கபோன் ராக்கெட்டா விட்டார் சார்?” என்று கேட்டாள். அவள்மேல் தப்பில்லை. விண்ணில் விடுவதையும் நாம் அப்படித்தானே எழுதுகிறோம்!

> பேராசிரியர் ஐயா: ‘வேந்தலைக்கும் கொல்குறும்பு’ என்று குறளிலேயே இருக்க, புதுச்சொல் எதற்கு?

ஐயா, அருமையான சொல், மறுக்கவில்லை. ஆனால் கொல்குறும்பு என்பது வேந்தனோடு மோதி அலைக்கழிக்கும் கொலைகாரக் கூட்டம். சிகாகோவில் கும்பல் அரசோடு மோதவில்லை. போலீசையும் அரசியல்வாதிகளையும் கைக்குள் போட்டுக்கொண்டது. தவிர, குறும்பு இன்று குழந்தைகள் செய்வது.

> கோவை அண்ணன்: ‘மிரட்டிப் பணம் பறித்தல்’ போதும். ‘வேலொடு நின்றான் இடுவென் றது’தானே இது?

வேலோடு நிற்பவன் ஒரு தடவை பறித்துக்கொண்டு போய்விடுவான், அண்ணா. 1900களில் நியூயார்க்கின் இத்தாலியர் குடியிருப்புகளுக்குக் ‘கறுப்புக் கை’ என்ற பெயரில் மிரட்டல் கடிதம் எழுதியவர்களுக்கு உங்கள் சொல் பொருந்தும். அவர்களைத் துரத்திய துப்பறியும் அதிகாரி ஜோசப் பெட்ரோசினோ 1909இல் சிசிலியின் பலெர்மோ நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1920 ஜனவரியில் மதுவிலக்கு வந்த பிறகு கதையே வேறு. லாரி, கிடங்கு, கணக்கப்பிள்ளை, வக்கீல் என்று ஒரு கம்பெனியே உருவாகிவிட்டது. சாராயத்தில் பழகிய கை சலவைக் கடை, மீன் சந்தை, காய்கறிச் சந்தை என்று நீண்டது.

ஆர்ட்டிசோக் என்று ஒரு காய். தாமரை மொட்டு மாதிரி இருக்கும். கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க்குக்கு வரும் சரக்கை சிரோ டெர்ரனோவா என்பவர் வளைத்துப் போட்டு, தான் சொன்ன விலைக்கே வியாபாரிகளை வாங்கவைத்தார். 1935 டிசம்பரில் ஒரு விடியற்காலை நியூயார்க் மேயர் லாகார்டியா அந்நகரின் பிராங்க்ஸ் மொத்தச் சந்தைக்குப் போனார். எக்காளம் ஊதச் சொல்லி, லாரிமேல் நின்று, இனி ஆர்ட்டிசோக் விற்கக் கூடாது என்ற ஆணையை வாசித்தார். சில நாளில் விலை இறங்கியது, தடையும் விலகியது. இங்கே வியாபாரிக்குக் காய் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. வேறு ஆளிடம் வாங்கும் உரிமைதான் போனது. இதைப் ‘பறித்தல்’ என்றால் மாணவருக்குப் பாதிதான் புரியும்.

> டொராண்டோ நண்பர்: எங்கட ஊரில கப்பம் எண்டால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

எனக்கு வெளிச்சம் கிடைத்தது இந்த ஒற்றை வரியில்தான். மிரட்டி வாங்கும் பணத்தை ஈழத்தமிழில் கப்பம் என்பார்கள். மாமூல் என்று சென்னை நண்பர் சொன்னதும் நல்ல யோசனையே. ஆனால் அது அரபு என்பதைவிட எனக்கு இடிப்பது, மாமூல் என்றதும் நம் மனம் நேரே போலீஸ் லஞ்சத்துக்குப் போய்விடுகிறது என்பதுதான். கப்பம் கன்னடத்திலிருந்து வந்ததா, தமிழிலிருந்து அங்கே போனதா என்று பதினோரு மடல்கள் வந்துவிட்டன. ‘திறை’ இருக்கக் கப்பம் ஏன் என்று இரண்டு பேர் கோபப்பட்டார்கள். கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்ற பயம் கப்பத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. திறையில் அது போய்விட்டது. எனக்கு அந்தப் பயம் வேண்டும்.

ஆகவே ‘கப்பத்தொழில்’. செய்பவர் கப்பக்காரர். ‘தொழில்’ வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று: ராக்கெட்டியரிங்குக்கு எதிராக 1970இல் அமெரிக்கா கொண்டுவந்த ரீகோ (RICO) சட்டமும் ஒற்றைக் குற்றத்தைப் பார்ப்பதில்லை, குற்றங்கள் தொடர்ந்து நடந்ததா என்றுதான் பார்க்கிறது. ஆர்ட்டிசோக் கதைக்கும் ‘கப்பத்தொழில்’ பொருந்தும். அங்கே கப்பம் விலைக்குள்ளேயே இருந்தது.

ஐயா இன்று காலை தனிமடலில், “கொல்குறும்பை நான் விடுவதாக இல்லை” என்று எழுதியிருக்கிறார். மோதல் இல்லை என்ற என் வாதம் அவருக்கு ஏற்பில்லை: கும்பலே இன்னோர் அரசாக நடந்துகொண்டதே, அது போதாதா என்கிறார். யோசிக்க வேண்டிய கேள்வி. அடிக்குறிப்பில் அவர் சொல்லையும் தருகிறேன்.

அப்புறம், மதுவிலக்கின்போது திருட்டுத்தனமாக மது கடத்தி விற்றவரைக் குறிக்கும் ‘பூட்லெக்கர்’ (bootlegger) இன்னும் பாக்கி. கள், கள்வன் இரண்டும் ஒரே வேரா என்ற விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்வோமே. கள்ளச்சாராயம் என்றால் நம்மூரில் ஊறல் போட்டுக் காய்ச்சியது. டெட்ராய்ட் ஆற்றைக் கடந்து கனடாவிலிருந்து வந்ததோ, நல்ல விஸ்கி. வந்த வழிதான் கள்ளவழி. ‘மதுக்கடத்தல்காரர்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னச் சொல் இருந்தால் ஞாயிறு இரவுக்குள் அனுப்புங்கள்.