ஷாக்கில் (பிரஷர் விழுந்து ரத்த ஓட்டம் குறைந்த நிலையில்) வருபவருக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட, மயக்க மருந்தாகக் கீட்டமினா, எட்டோமிடேட்டா? சீனியர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மயக்கவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் இரவுப் பணியில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

குடலில் ஓட்டை விழுந்து செப்சிஸ் (கிருமித்தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை) ஆகி வந்த பெரியவர், வயது 68, எடை 55 கிலோ இருக்கும், பிரஷர் 86/50, நாடித்துடிப்பு 130. மயக்க மருந்தாக ப்ரொப்போஃபால் 60 மில்லிகிராம்தான் கொடுத்தோம், வழக்கமான அளவில் பாதி. டியூப் சுலபமாகப் போய்விட்டது, ஆனால் கையில் கட்டிய பட்டை திரும்பத் திரும்பக் காற்றேறி இறங்கியும் மானிட்டரில் எண்ணே வரவில்லை, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தால் நாடி நூல்போல ஓடியது. அதற்கப்புறம்தான் பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் ஓட்டினோம். நல்லவேளை, மீண்டுவிட்டார்.

அது முதலிலேயே ஓடியிருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. முன்கைச் சிரை வழியாகவே தொடங்கிவிடுவீர்களா, சென்ட்ரல் லைனுக்கு (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரையில் போடும் குழாய்க்கு) காத்திருப்பீர்களா?

கீட்டமின் பிரஷரைத் தாங்கும் என்றுதான் படித்திருக்கிறோம், ஆனால் பல மணி நேரம் ஷாக்கில் கிடந்து உடம்பின் கையிருப்பெல்லாம் தீர்ந்தவருக்கு அதுவே இதயத்தை அமுக்கலாம் அல்லவா? அப்படிப்பட்டவருக்கு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் போதுமா? எட்டோமிடேட் ஒரே டோஸ்கூட அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசால் (உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோன்) உற்பத்தியை அடக்கும் என்பதால் செப்சிஸில் கை வர மாட்டேன் என்கிறது.

தசைகளைத் தளர்த்தும் ரோக்குரோனியம் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் கொடுத்தாலும், ரத்த ஓட்டம் மந்தமாக இருப்பதால் டியூப் போடுமுன் எத்தனை நொடி பொறுப்பீர்கள்? வியாழக்கிழமை மறுபடி இரவுப் பணி, அதற்குள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவி.