டங்ஸ்டன் கன உலோகக் கலவையில் சேர்மானங்கள்: குன்னூரிலும் கோத்தகிரியிலும் கண்டவை

குன்னூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

டங்ஸ்டன் கன உலோகக் கலவைக்கு எந்தச் சேர்மானம் (கூடுதலாகக் கலக்கும் தனிமம்) நல்லது என்று கேட்பவர்களிடம், அது கலவைக்குள் எங்கே போய்த் தங்குகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். 90 விழுக்காடு டங்ஸ்டன், 7 நிக்கல், 3 இரும்பு கொண்ட வழக்கமான கலவையை 1480 டிகிரி செல்சியஸ் அளவில் ஹைட்ரஜன் உலையில் சின்டரிங் செய்யும்போது, அதாவது அழுத்திய தூளைச் சூட்டால் ஒரே கட்டியாக இறுகச் செய்யும்போது, 3422 டிகிரியில் உருகும் டங்ஸ்டன் திடமாகவே இருக்க, நிக்கலும் இரும்பும் உருகி, டங்ஸ்டனில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டு, டங்ஸ்டன் துகள்களான மணிகளைச் சுற்றிப் பிணைப்பாகப் படிகின்றன. பொருளின் உறுதி, மணியும் பிணைப்பும் சந்திக்கும் எல்லையைப் பெரிதும் பொறுத்தது.

கோவையில் உலோகவியல் படிக்கும் கேத்தி மாணவி ஒருவர், இழுவைச் சோதனையில் முறிந்த மாதிரிகளையும் அவற்றின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களையும் விடுமுறையின்போது என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாலிப்டினம் சேர்த்த மாதிரி கடினமாக இருந்தும் அதிகம் நீளாமல் முறிந்தது அவருக்குப் புதிராக இருந்தது. மாலிப்டினம் பிணைப்பில் கரைந்து, அங்கே டங்ஸ்டன் கரையும் அளவைக் குறைப்பதால், மணிகள் பெரிதாகாமல் சிறுத்தே நிற்கின்றன, பிணைப்பும் இறுகுகிறது. வலிமை ஏறும்போது நீட்சி இறங்குவது அதனால்தான். டங்ஸ்டனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், மாலிப்டினத்துக்கோ 10.2 என்பதால் கனமும் குறையும். எதிரெடைக்கோ கதிர்வீச்சுத் தடுப்புக்கோ செய்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

என்னை அதிகம் ஈர்த்தது சேர்மானமே இல்லாத இன்னொரு மாதிரிதான். அதன் முறிவுப் படத்தில் டங்ஸ்டன் மணிகள் முழு உருண்டைகளாக, வழவழப்பாகக் கழன்று வந்திருந்தன. எதிர்ப்பக்கப் பிணைப்பில் அவை இருந்த இடமெல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தது. நல்ல கலவையில் மணிகளே பிளந்து தட்டையான முகங்களைக் காட்டும். உலையில் மெதுவாக ஆறவிட்டதாக அவர் சொன்னதும் காரணம் பிடிபட்டது. மெதுவாக ஆறும்போது பாஸ்பரஸ், கந்தகம் போன்ற மாசுகள் அந்த எல்லையில் வந்து சேர்கின்றன. உள்ளே தங்கிய ஹைட்ரஜனும் பொருளை நொறுங்க வைக்கிறது. வெற்றிடத்தில் 1100 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உடனே குளிர்விக்கச் சொன்னேன். அடுத்த படங்களில் பிளந்த முகங்கள் நிறையவே தெரிந்தன. லாந்தனத்தைச் சிறிதளவு சேர்த்து பாஸ்பரஸைக் கட்டிவைக்கும் வழியும் உண்டு. ஆனால் குளிர்விப்பைச் சரிசெய்யாமல் சேர்மானத்தைத் தேடுவது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து.

கோபால்ட்டும் அப்படித்தான். அளவோடு சேர்த்தால் எல்லை வலுப்படும்; மிகுந்தால், அதிலும் மெதுவாக ஆறினால், நொறுங்கும் சேர்மங்கள் படியும்.

கோத்தகிரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா சொன்னதோடு ஆக்சிஜனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது கேட்காமலே வந்து கலக்கும் சேர்மானம். இங்கே எங்கள் பட்டறையில் தூளைக் கலந்து அச்சில் அழுத்தி, சின்டரிங்கிற்குக் கோவைக்கு அனுப்புகிறோம். ஐப்பசி மழையின்போது பனிமூட்டம் உள்ளே வரும் நாளில் திறந்து வைத்த தூளில் செய்த கட்டிகள், உலையிலிருந்து கொப்புளங்களோடு திரும்பின. துளைகள் மூடிய பிறகும் உள்ளே ஆக்சைடு மிஞ்சியிருந்தால், ஹைட்ரஜன் அதனோடு வினைபுரிந்து உண்டாகும் நீராவி வெளியேற வழியின்றி உப்பிவிடும். இப்போது தூளை மூடிய டப்பாவில் வைக்கிறோம். உலையில் 800 டிகிரி அளவில் உலர்ந்த ஹைட்ரஜனில் நிறுத்தி ஆக்சைடை நீக்கிய பிறகே மேலே ஏற்றச் சொல்கிறோம். கடைசிக் கட்டத்தில் ஹைட்ரஜனை விட்டு, எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவுக்கு மாற்றச் சொல்கிறோம்.