டிஸ்பென்சிங் பவர், சஸ்பெண்டிங் பவர்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு பிரிவுகளிலேயே வண்டி நின்றுவிட்டது. ஒன்றில் சஸ்பெண்டிங் பவர், அடுத்ததில் டிஸ்பென்சிங் பவர். மன்னருக்கு இரண்டுமே கிடையாது என்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து 'சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம்' என்று போட்டுவிட்டால் என்ன? வாசகருக்கு விளங்கிவிடுமே. கூடவே ராயல் பிரிராகட்டிவ், அதாவது நாடாளுமன்றத்தைக் கேட்காமல் மன்னர் தாமே செலுத்தும் அதிகாரம், என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு 'அரச சிறப்புரிமை' என்று வைத்திருக்கிறேன். குழுவினர் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

*

வணக்கம் ஐயா.

ரத்து மட்டும் வேண்டாம். ரத்து செய்தால் சட்டம் போயே போய்விடும். இங்கே சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கிறது; அது யாரைப் பிடிக்கும், யாரை விடும் என்பதில்தான் ராஜா கை வைக்கிறார். ஹெல்மெட் விதி இருக்கிறது. 'இவர் நம்ம ஆள், போகட்டும்' என்று ஒருவரை மட்டும் விடுவது டிஸ்பென்சிங். 'மறு உத்தரவு வரும்வரை யாரையும் பிடிக்க வேண்டாம்' என்பது சஸ்பெண்டிங். உரிமைச் சட்டத்துக்குச் சற்று முன் ஆண்ட கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் முதலில் ஒன்றைச் செய்தார், பிறகு மற்றதையும் செய்தார். அதனால்தான் உரிமைச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள்.

முதலாவது, சர் எட்வர்ட் ஹேல்ஸ் வழக்கு. ஹேல்ஸ் கத்தோலிக்கர். ஜேம்ஸ் அவரைப் படையில் கர்னலாக நியமித்தார். 1673ஆம் ஆண்டின் டெஸ்ட் சட்டப்படி, அரசுப் பதவி ஏற்பவர் உறுதிமொழி எடுக்க வேண்டும், இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி நற்கருணையும் வாங்க வேண்டும். தவறினால் 500 பவுண்டு அபராதம். வழக்குப் போட்டவருக்கே அந்தப் பணம். ஹேல்ஸ் மீது வழக்குப் போட்டவர் யார் தெரியுமா? அவருடைய சொந்த வண்டிக்காரர், ஆர்தர் காடன்! முதலாளியும் வேலையாளும் பேசிவைத்துக்கொண்டு நடத்திய வழக்கு என்பது அன்றைக்கே ஊருக்குத் தெரியும். ராஜா முத்திரையிட்டுக் கொடுத்த விலக்குப் பத்திரத்தை ஹேல்ஸ் நீட்டினார். ஒத்துவராத நீதிபதிகளை ஜேம்ஸ் முன்பே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். 1686இல் 12 நீதிபதிகளில் 11 பேர் பத்திரம் செல்லும் என்றார்கள். சட்டங்கள் ராஜாவின் சட்டங்கள், தக்க காரணம் இருந்தால் அவர் விலக்களிக்கலாம், அந்தக் காரணம் தக்கதா என்று முடிவு செய்பவரும் அவரே. தலைமை நீதிபதி ஹெர்பர்ட்டின் வாதம் இப்படிப் போகிறது. டெஸ்ட் சட்டம் மற்ற எல்லாருக்கும் அப்படியேதான் இருந்தது. ஹேல்ஸைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து 1687. கத்தோலிக்கர்மீதும், திருச்சபையோடு ஒத்துப்போகாத பிற புராட்டஸ்டன்டுகள்மீதும் இருந்த தண்டனைச் சட்டங்கள் அனைத்தையும் ஒரே அறிவிப்பில் கிடப்பில் போட்டார். இதற்குத் தனி ஆளின் பெயர் வேண்டியதில்லை, பத்திரம் வேண்டியதில்லை. நாடு முழுமைக்கும். 1688இல் அதையே மறுபடி வெளியிட்டு, தேவாலயங்களில் வாசிக்கவும் உத்தரவிட்டார். கேன்டர்பரி பேராயர் சான்கிராஃப்டும் ஆறு ஆயர்களும் முடியாது என்று மனுக் கொடுத்தார்கள். மனுவை அவதூறு என்று சொல்லி ஏழு பேரையும் லண்டன் கோபுரத்தில் அடைத்தார். ஜூன் 30 அன்று ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அதே நாளில்தான், பிறகு ஜேம்ஸுக்குப் பதிலாக அரியணை ஏறிய அவர் மருமகன் ஆரஞ்சு வில்லியத்துக்கு அழைப்புக் கடிதம் போனது.

சரி, சொல்லுக்கு வருவோம். டிஸ்பென்சிங் பவர் என்பதற்கு 'விலக்களிப்பு அதிகாரம்' என் பரிந்துரை. 'தளர்வு' என்றும் யோசித்தேன். வயது வரம்பில் தளர்வு, ஊரடங்கில் தளர்வு என்று நம் காதுக்குப் பழகிய சொல். ஆனால் தளர்த்தினால் கட்டு இருக்கும், கொஞ்சம் இளகியிருக்கும். ஹேல்ஸுக்குக் கட்டே இல்லை. சஸ்பெண்டிங் பவர் என்பதற்கு 'நிறுத்திவைப்பு அதிகாரம்'. தண்டனையை நிறுத்திவைத்தார்கள், உத்தரவை நிறுத்திவைத்தார்கள் என்று செய்தித்தாளில் தினம் படிக்கிறோம். இடைநீக்கம் என்றால் வேலையிலிருந்து ஆளை நிறுத்துவது. முடக்கம் என்றால் வங்கிக் கணக்கு ஞாபகம் வருகிறது.

'அரச சிறப்புரிமை' எனக்கு ஒப்பவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களின் பிரிவிலேஜுக்குச் 'சிறப்புரிமை' என்பதை நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இங்கிலாந்து வரலாற்றில் அந்த இரண்டும் நேருக்கு நேர் மோதியவை. 1642 ஜனவரி 4 அன்று மன்னர் முதலாம் சார்லஸ் ஆயுதம் ஏந்திய ஆட்களோடு வந்து, ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க நாடாளுமன்றத்தின் காமன்ஸ் அவைக்குள் நுழைந்தார். அவர்களோ தேம்ஸ் வழியாகப் படகில் நழுவிவிட்டார்கள். எங்கே அவர்கள் என்று கேட்டதற்கு, இந்த அவை பணித்தால் ஒழிய எனக்குக் காணக் கண்ணும் பேச நாவும் இல்லை என்று அவைத்தலைவர் லென்தால் மண்டியிட்டுச் சொன்னார். மறுநாள் லண்டன் நகருக்குள் போன ராஜாவைச் சூழ்ந்துகொண்டு மக்கள் 'பிரிவிலேஜ், பிரிவிலேஜ்' என்று கத்தினார்கள். அந்த இடத்தை நாம் மொழிபெயர்க்கும்போது ராஜாவுடையதும் சிறப்புரிமை, மக்கள் கத்தியதும் சிறப்புரிமை என்றால் எதற்குச் சண்டை என்றே புரியாது. 'தனியுரிமை' இப்போது பிரைவசிக்குப் போய்விட்டது. 'அரசுரிமை' என்றால் அரியணைக்கு வாரிசு. மிஞ்சுவது 'முடியதிகாரம்'. இலங்கையில் அரசு நிலத்தை 'முடிக்குரிய காணி' என்று எழுதிய பழக்கம் உண்டு. அந்த 'முடி' பிரிட்டிஷ் முடியேதான். சலூன் நினைவு வருகிறது என்று யாராவது கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

*

ஐயா, இரண்டு ஐயங்கள்.

விலக்கு இரட்டை நாக்குள்ள சொல். வரிவிலக்கு என்றால் வரி வேண்டாம். மதுவிலக்கு என்றால் மது கூடாது. ஒன்று விடுவிக்கிறது, ஒன்று தடுக்கிறது. கலைச்சொல்லுக்கு இது ஆகுமா?

இன்னொன்று, நீங்கள் சொன்ன ஏழு ஆயர்களின் மனுவிலேயே, 1687 அறிவிப்பை டிஸ்பென்சிங் பவர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நாடு முழுமைக்குமான நிறுத்திவைப்பை அக்காலத்தவரே அந்தப் பெயரில் குறிப்பிட்டிருக்க, நாம் மட்டும் வரப்பு போட்டுப் பிரிப்பானேன்?

*

முதல் ஐயத்துக்கு: அதனால்தான் வெறும் 'விலக்கு' என்று விடாமல் 'அளிப்பு' சேர்த்தேன். வரிவிலக்கு அளித்தார்கள் என்போம். மதுவிலக்கு அளித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. கொண்டுவந்தார்கள், அமல்படுத்தினார்கள் என்போம். 'அளி' வந்துவிட்டால் பொருள் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். மன்னிப்போடும் குழம்பாது. மன்னிப்பு, செய்து முடித்த குற்றத்துக்கு. விலக்களிப்பு இருந்தால் அந்தச் செயல் குற்றமே ஆகாது.

இரண்டாவது நல்ல கேள்வி. ஆயர்கள் அப்படி எழுதியது உண்மைதான். 1662இலும் 1672இலும் நாடாளுமன்றம் கண்டித்ததையே அவர்கள் மேற்கோள் காட்டினார்கள். அப்போது வழங்கிய பெயர் அது. மனுவை மொழிபெயர்த்தால் அங்கே 'விலக்களிப்பு' என்றே போட வேண்டும், திருத்தக் கூடாது. ஆனால் அடுத்த ஆண்டே உரிமைச் சட்டம் எழுதியவர்கள் பிரித்துவிட்டார்கள். நிறுத்திவைப்பு அதிகாரம், நாடாளுமன்றத்தின் இசைவு இல்லாமல் சட்டவிரோதம் என்று ஒரேயடியாக அடித்தார்கள். விலக்களிப்பு அதிகாரத்துக்கு வந்தபோது மட்டும் 'அண்மைக் காலத்தில் கையாளப்பட்ட விதத்தில்' என்று ஒரு வால் சேர்த்தார்கள். காரணம் உண்டு. 'எந்தச் சட்டம் எப்படி இருப்பினும்' என்று பத்திரத்தில் எழுதி விலக்களிப்பதை, 13ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவரின் ஆணைகளைப் பார்த்து இங்கிலாந்து மன்னர்கள் பழகிக்கொண்டார்கள். நானூறு ஆண்டுகளில் எத்தனையோ உரிமங்களும் மானியங்களும் அதன்மேல் நின்றன. 1674இல் ஒயின் விற்பனை உரிமம் பற்றிய தாமஸ், சாரெல் வழக்கிலும், கொலை போலத் தன்னிலேயே தீதானதற்கு விலக்களிக்க முடியாது, சட்டம் தடுத்ததால் மட்டும் குற்றமானதற்கு அளிக்கலாம் என்ற பழைய கோட்பாட்டை வைத்துத்தான் வாதம் நடந்தது. இத்தனையையும் ஒரே நாளில் செல்லாது என்றால் சாதாரண ஆட்களின் சொத்தும் தொழிலும் ஆட்டம் கண்டிருக்கும். ஆகவே பழையதை விட்டுவைத்துவிட்டு, அந்த நாடாளுமன்றக் கூட்டத்தொடருக்குப் பிறகு இப்படிப்பட்ட விலக்கு எதுவும் செல்லாது, அந்தந்தச் சட்டமே அனுமதித்தால் ஒழிய, என்று கடைசியில் ஒரு பிரிவு வைத்தார்கள். ஒரே சொல்லைப் போட்டால் அந்த வால் எதற்கு என்று தமிழில் படிப்பவர் முழிப்பார்.

முதல் மடல் எழுதிய ஐயாவுக்கு ஒன்று. இரண்டு பிரிவுகளிலும் முன்னால் 'பிரிடெண்டட்' என்று ஒரு அடைமொழி வரும். 'பாசாங்கான' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அக்கால ஆங்கிலத்தில் அது உரிமை கோருவதைத்தான் குறிக்கும். 'தமக்கு உண்டென மன்னர் சொல்லிக்கொள்ளும்' என்று நீட்டினாலும் பரவாயில்லை. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். 'முடியதிகாரம்' பற்றி இதுவரை யாரும் வாயே திறக்கவில்லையே?